காலை 9 மணிக்கு ஐபி மாறும் மருத்துவமனை

கேள்வி: ஐயா, 80 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சிஸ்டம் பொறுப்பாளராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாடிகளிலும் சேர்த்து, கணினிகளை இணைக்கும் ஆறு சிஸ்கோ ஸ்விட்சுகள். எல்லாம் கீழ்த்தளத்தில் உள்ள கோர் ஸ்விட்சில் வந்து சேர்கின்றன. கோர் ஸ்விட்ச்தான் டிஹெச்சிபி சர்வர், அதாவது கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுப்பது. எல்லாக் கணினிகளும் ஒரே வீலேனில் (ஸ்விட்சில் பிரித்த ஒரே நெட்வொர்க் பகுதியில்) இருக்கின்றன, ஐபி 10.20.10 என்று தொடங்கும், ஒரு ஐபியை வைத்திருக்கும் காலமான லீஸ் 8 மணி நேரம். மூன்று வாரமாகக் காலை 9 மணிக்கு மேல் பில்லிங் கவுண்டரிலும் ஓபி பதிவிலும் சில கணினிகளில் சாஃப்ட்வேர் திறப்பதில்லை. பார்த்தால் ஐபி 192.168.0.104, 107 என்று இருக்கிறது. வார்டில் நர்ஸ் ஸ்டேஷன் கணினிகளுக்கு இது ஒருநாளும் வந்ததில்லை. நண்பர் ஒருவர், போலி டிஹெச்சிபி சர்வரின் பதிலை ஸ்விட்சிலேயே தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கைப் போடச் சொன்னார். கோருக்குப் போகிற அப்லிங்க் போர்ட்டுகளை ட்ரஸ்ட் செய்துவிட்டு (நம்பலாம் என்று குறித்துவிட்டு), ஞாயிறு இரவு 11 மணிக்கு எல்லா ஸ்விட்சிலும் போட்டேன். இரவில் எல்லாம் ஓடியது. அதிகாலை 3 மணிக்கு மேல் வார்டுகளில் இருந்து போன் வர ஆரம்பித்தது. 7 மணிக்குள் யாருக்கும் ஐபி இல்லை, எல்லாம் 169.254. நிர்வாக அதிகாரி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். ஸ்னூப்பிங்கை எடுத்துவிட்டேன். பேசாமல் எல்லாக் கணினிக்கும் கையாலேயே ஐபி போட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கையால் போட வேண்டாம். நீங்கள் எடுத்த வழி சரியான வழிதான். ஒரே ஒரு கட்டளை விடுபட்டதாலும், ஒரே இரவில் எல்லா ஸ்விட்சிலும் போட்டதாலும் கவிழ்ந்தது. உங்கள் கடிதத்தில் நேரத்தையும் எண்களையும் இவ்வளவு துல்லியமாக எழுதியிருப்பதால் பாதிக் காரணம் அதிலேயே கிடைத்துவிட்டது.

முதலில் அந்த 192.168.0.107-ஐப் பார்ப்போம். பேருந்து நிலையத்தில் இறங்கிய வெளியூர்க்காரர், "இங்கே தங்க லாட்ஜ் எங்கே இருக்கு?" என்று சத்தமாகக் கேட்கிறார் என்று வையுங்கள். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் பின்னால் போய்விடுவார். அவர் நல்லவரா, ஊர்க்காரரா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. கணினி ஐபி வாங்குவதும் இப்படித்தான். டிஸ்கவர் என்று வீலேன் முழுக்கக் கூவும். ஆஃபர் என்று யாராவது பதில் சொல்வார்கள். ரிக்வெஸ்ட் என்று கணினி அதை ஏற்கும். அக் என்று சர்வர் உறுதி சொல்ல, வேலை முடியும். இந்த நெறிமுறை இப்போதைய வடிவத்துக்கு வந்தது 1997-ல். அதில் "நீ உண்மையான சர்வர்தானா?" என்று கேட்கும் பழக்கமே இல்லை. எனவே உங்கள் வீலேனில் வேறு யாரோ ஒருவர் பதில் சொல்கிறார். 192.168.0 என்ற முகவரியும் 100-ஐத் தாண்டிய கடைசி எண்ணும் கடையில் வாங்கும் வீட்டு வைஃபை ரவுட்டரின் அடையாளம். அதன் வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் செருக வேண்டிய கேபிளை உள் இணைப்புக்கான லேன் (LAN) போர்ட்டில் செருகியிருப்பார்கள். வான் போர்ட்டில் செருகியிருந்தால் அதுவும் உங்களிடம் ஓர் ஐபி வாங்கிக்கொண்டு சாதுவாக இருந்திருக்கும். லேன் போர்ட்டில் செருகியதால் அது உங்கள் நெட்வொர்க்கையே தன் வீடாக நினைத்து எல்லோருக்கும் ஐபி கொடுக்கிறது.

சரி, கோர் ஸ்விட்சும் பதில் சொல்கிறதே, ரவுட்டர் மட்டும் எப்படி முந்துகிறது? சிஸ்கோ ஸ்விட்ச் ஒரு முகவரியைக் கொடுக்கும் முன்பு அது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பிங் என்னும் சிறு செய்தி அனுப்பிப் பார்க்கும். மாற்றாமல் விட்டால் இரண்டு பிங். ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி காத்திருக்கும். நல்ல பழக்கம்தான், ஆனால் அந்த ஒரு விநாடிக்குள் வீட்டு ரவுட்டர் பதிலைக் கொடுத்து முடித்திருக்கும். அதனால் புதிதாகக் கேட்கிற கணினி பெரும்பாலும் ரவுட்டரிடமே விழும்.

நர்ஸ் ஸ்டேஷன் தப்பிப்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அந்தக் கணினிகளை அணைப்பதே இல்லை. லீஸில் பாதி நேரம், அதாவது 4 மணி நேரம் கழிந்ததும், ஏற்கெனவே ஐபி கொடுத்த சர்வரிடமே நேராகப் போய் நீட்டிப்புக் கேட்கும். கூவுவதில்லை, அதனால் ரவுட்டர் காதில் விழுவதில்லை. பில்லிங் கவுண்டர் கணினியை மாலையில் அணைக்கிறார்கள். இரவிலேயே 8 மணி நேர லீஸ் தீர்ந்துவிடுகிறது. காலையில் முதலில் இருந்து டிஸ்கவர். அந்த நேரத்தில் ரவுட்டருக்கும் மின்சாரம் வந்திருந்தால் மாட்டிக்கொள்ளும். 9 மணிக்கு மேல்தான் வருகிறது என்றீர்கள். ஆக, 9 மணிக்கு யாரோ அறைக்கு வந்து ரவுட்டரின் மின் ஸ்விட்சைப் போடுகிறார். ஓபி டாக்டர் அறைகளை முதலில் சந்தேகப்படுங்கள்.

சந்தேகத்தோடு நிற்க வேண்டாம், பிடித்தே விடலாம். நாளை காலை தவறான ஐபி வாங்கிய ஒரு கணினியின் முன் உட்காருங்கள். ரிப்பேர் செய்யாதீர்கள், கேபிளைப் பிடுங்காதீர்கள். அது உங்கள் சாட்சி. கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக் ஆல்' கொடுத்தால் டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் 192.168.0.1 என்று இருக்கும். அதைப் பிங் செய்துவிட்டு, எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று காட்டும் 'ஏஆர்பி -ஏ' கட்டளை கொடுங்கள். அந்த முகவரிக்கு எதிரே அந்தக் கருவிக்கென்றே உள்ள 12 இலக்க மேக் முகவரி வரும். அதன் முதல் 6 இலக்கங்கள் எந்த நிறுவனத் தயாரிப்பு என்பதையே சொல்லிவிடும். எழுதிக்கொண்டு கோர் ஸ்விட்சுக்கு வாருங்கள். 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' என்று அந்த மேக்கைத் தேடினால் ஒரு போர்ட்டைக் காட்டும். அந்தப் போர்ட்டில் எந்த மாடி ஸ்விட்ச் தொங்குகிறது என்பதை 'ஷோ சிடிபி நெய்பர்ஸ்' சொல்லும். அந்த ஸ்விட்சில் நுழைந்து அதே மேக்கைத் திரும்பத் தேடுங்கள். இப்போது வருவது கடைசிப் போர்ட்.

நான் இப்படித் தேடிப்போன ஓர் அலுவலகத்தில் மேக் கிடைத்தது, போர்ட்டும் கிடைத்தது. ஆனால் அந்தப் போர்ட்டின் கேபிள் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அறைகளில் இருந்து கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலில் ஒட்டியிருந்த லேபிள் வெயிலில் வெளுத்து வெறும் காகிதமாக இருந்தது. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய், ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைத் தூக்கினால், உள்ளே ஒட்டடைக்கு நடுவில் ஒரு சின்ன ரவுட்டர் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்தவர் தற்காலிகமாக வைத்ததாம். மேக்கைத் தேடிப் போர்ட்டைப் பிடிக்க 4 நிமிடம் ஆனது. போர்ட்டில் இருந்து அறைக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் எந்தப் போர்ட் எந்த அறைக்குப் போகிறது என்ற பட்டியலைத்தான் முதலில் கேட்பேன். உங்களிடம் அது இல்லையென்றால் இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு ஸ்விட்சாகப் போதும்.

டாக்டர் அறையில் ரவுட்டர் இருந்தால் போர்ட்டை உடனே ஷட்டவுன் செய்துவிட்டுப் போகாதீர்கள். நேரில் போய்ப் பேசுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார். அந்த அறைக்கு வைஃபை எட்டவில்லை, போனில் எக்ஸ்ரே படம் திறக்கவில்லை, காசு போட்டு ஒரு பெட்டி வாங்கி வைத்திருப்பார். வைஃபை பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயிண்டை அந்தப் பக்கம் நகர்த்திக் கொடுத்தால் ரவுட்டரை அவரே எடுத்துத் தந்துவிடுவார். அது நடக்காமல் பெட்டியை மட்டும் பிடுங்கினால் அடுத்த மாதம் வேறு பெட்டி வரும்.

இனி அந்தத் திங்கட்கிழமை விடியலுக்கு வருவோம். 192.168 வந்தால் தவறான ஆள் பதில் சொல்கிறார் என்று அர்த்தம். 169.254 வந்தால் யாருமே பதில் சொல்லவில்லை. கணினி தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது. உங்களுக்கு வந்தது இரண்டாவது. அப்லிங்கை ட்ரஸ்ட் செய்ததாகச் சொல்கிறீர்கள், அதை நம்புகிறேன். அப்படியானால் காரணம் ஆப்ஷன் 82.

ஸ்னூப்பிங் போட்டவுடன் சிஸ்கோ ஸ்விட்ச், தன் வழியாகப் போகிற ஒவ்வொரு டிஹெச்சிபி கோரிக்கையிலும் "இது இந்த ஸ்விட்ச், இந்தப் போர்ட்டில் இருந்து வந்தது" என்று ஒரு சீட்டை ஒட்டிவிடும். அதுதான் ஆப்ஷன் 82, 2001-ல் வரையறுத்தது. இணையச் சேவை தருபவர்களுக்கு இது பெரிய உபகாரம், எந்த வீட்டில் இருந்து கோரிக்கை வந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சீட்டை வழக்கமாக ஒட்டுவது ரிலே, அதாவது கோரிக்கையை வேறு நெட்வொர்க்கில் உள்ள சர்வரிடம் எடுத்துச் செல்லும் இடையாள். ரிலே ஒட்டினால் தன் முகவரியையும் கோரிக்கையில் எழுதும். உங்கள் மாடி ஸ்விட்ச் ரிலே இல்லை, அதனால் சீட்டு இருக்கிறது, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0 இருக்கிறது. கோர் ஸ்விட்ச் இதைப் பார்த்துவிட்டு, அனுப்பியவர் பெயர் இல்லாத சீட்டு என்று கோரிக்கையையே தூக்கிப் போட்டுவிடும். கோரிலும் நீங்கள் ஸ்னூப்பிங் போட்டிருந்தால் இன்னும் முன்னதாகவே விழும்: ட்ரஸ்ட் செய்யாத போர்ட்டில் ஆப்ஷன் 82 ஒட்டிய கோரிக்கை வந்தால் ஸ்னூப்பிங் அதை உள்ளேயே விடாது.

இரவில் எல்லாம் ஓடியதற்குக் காரணம், கணினிகளிடம் பழைய லீஸ் உயிரோடு இருந்ததுதான். 4 மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பதால், இரவு 11 மணிக்கு எந்தக் கணினியிடமும் குறைந்தது 4 மணி நேரம், அதிகம் போனால் 8 மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும். புதுப்பிக்கப் போனபோது பதில் இல்லை. முதல் ஆள் 3 மணிக்கு விழுந்தார், கடைசி ஆள் 7 மணிக்கு. உங்களுக்குப் போன் வந்த நேரம் அப்படியே பொருந்துகிறது. ஆகவே இனி இந்த வேலையைச் செய்யும்போது "எல்லாம் ஓடுகிறதே" என்பதைச் சோதனையாக எடுக்காதீர்கள். ஒரு கணினியில் 'ஐபிகான்ஃபிக் ரிலீஸ்', அப்புறம் 'ரினியூ'. அது ஐபி வாங்கினால்தான் ஓடுகிறது.

மறுபடி செய்யும்போது, ஒரே ஒரு ஸ்விட்ச். பில்லிங் ஸ்விட்சோ ஐசியு ஸ்விட்சோ வேண்டாம். மருத்துவப் பதிவேட்டு அறை இருக்கிற மாடி போல, அரை மணி நேரம் நின்றாலும் யாருக்கும் உயிர்ப் பிரச்சினை இல்லாத இடமாக எடுங்கள். பகல் 3 மணி நல்ல நேரம். நீங்கள் விழித்திருப்பீர்கள், ஆட்களும் இருப்பார்கள். இரவு 11 மணிக்குச் செய்தால் தவறு தெரிய விடியல் ஆகிவிடும், அதைத்தான் பார்த்துவிட்டீர்களே.

அந்த ஸ்விட்சில் முதலில் கோரை நோக்கிப் போகிற போர்ட்டில் 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் ட்ரஸ்ட்'. கோருக்கு இரண்டு கேபிள் இருந்தால் இரண்டிலும் போடுங்கள். இதைப் பலர் விடுவார்கள். கேபிள்கள் வளையமாகிவிடாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீயால் ஒரு கேபிள் அடைபட்டுச் சும்மா இருக்கும், ட்ரஸ்ட் இல்லாதது தெரியவே தெரியாது. ஆறு மாதம் கழித்து முதல் கேபிள் அறுந்து இரண்டாவது உயிர்பெறும் நாளில் அந்த மாடிக்கு ஐபி நின்றுபோகும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது. அடுத்தது உங்களிடம் விடுபட்ட வரி: 'நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்'. சீட்டு ஒட்டாதே என்று அர்த்தம். உங்கள் அளவுள்ள நெட்வொர்க்குக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. பிறகு வீலேன் எண்ணோடு 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வீலேன் 10', கடைசியாக வெறும் 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங்'. இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் வேலை செய்யும். கோரில் இப்போதைக்குப் போட வேண்டாம். கணினிகள் எல்லாம் மாடி ஸ்விட்சுகளில் இருக்கும்போது காவல் அந்த வாசலில் நின்றால் போதும். உங்கள் கோரில் நேரடியாகக் கணினி எதுவும் செருகியிருந்தால் அதை மாடி ஸ்விட்சுக்கு மாற்றிவிடுங்கள்.

உடனே ரிலீஸ், ரினியூ செய்து பாருங்கள். ஐபி வந்ததும் 'ஷோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் பைண்டிங்' கொடுங்கள். அந்தக் கணினியின் மேக், அதற்குக் கிடைத்த ஐபி, லீஸில் மிச்சம் உள்ள விநாடிகள், வீலேன், போர்ட் எல்லாம் ஒரே வரியில் வரும். முதல்முறை அந்த வரி வருவதைப் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும். எந்த ஐபி எந்தப் போர்ட்டில் என்று நெட்வொர்க்கே கணக்கு எழுதிக்கொள்கிறது. நாளைக்கு யார் கேட்டாலும் சொல்லலாம். இப்போது அந்த வீட்டு ரவுட்டரை அதே ஸ்விட்சின் ஒரு போர்ட்டில் வேண்டுமென்றே லேன் பக்கமாகச் செருகிப் பாருங்கள். அதன் ஆஃபர் போர்ட்டிலேயே செத்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த ஸ்விட்சுக்குப் போகாதீர்கள்.

இரண்டு நாள் விட்டு அடுத்த ஸ்விட்ச். ஆறையும் முடிக்க இரண்டு வாரம் ஆகட்டும், பரவாயில்லை.

ஒரு போர்ட்டில் இருந்து விநாடிக்கு எத்தனை டிஹெச்சிபி செய்தி வரலாம் என்று வரம்பும் வைக்கலாம். யாராவது பொய்யான மேக் முகவரிகளை வைத்து ஆயிரம் கோரிக்கை அனுப்பி உங்கள் பூலில் (கொடுப்பதற்கென்று வைத்த முகவரித் தொகுப்பில்) உள்ள ஐபி எல்லாவற்றையும் காலி செய்யாமல் இருக்க இது உதவும். ஒரு கணினி மட்டும் உள்ள போர்ட்டுக்கு விநாடிக்கு 15 தாராளம். ஆனால் இங்கே நம் ஊர் நிலைமை ஒன்று உண்டு. ஒரு போர்ட்டில் சின்ன எட்டுப் போர்ட் ஸ்விட்சோ ஆக்சஸ் பாயிண்டோ தொங்கும். கரண்ட் போய்த் திரும்பி வரும், பின்னால் உள்ள எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து ஒன்றாகக் கேட்கும். வரம்பு தாண்டும், ஸ்விட்ச் அந்தப் போர்ட்டையே எர்-டிசேபிள் செய்து அணைத்துவிடும். அந்த மாதிரிப் போர்ட்டுக்கு 100 வையுங்கள். 'எர்டிசேபிள் ரிக்கவரி' என்பதையும் டிஹெச்சிபி வரம்புக்குப் போட்டுவிட்டால் 300 விநாடியில் போர்ட் தானாகத் திரும்பும்; நீங்கள் ஓட வேண்டாம்.

அந்தச் சின்ன ஸ்விட்ச் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரவுட்டரும் நான்கு கணினிகளும் ஒரே எட்டுப் போர்ட் பெட்டியில் இருந்தால், அவை தமக்குள் பேசுவது உங்கள் ஸ்விட்ச் வரைக்கும் வராது. ஸ்னூப்பிங் அந்த நான்கையும் காப்பாற்றாது, மற்றவர்களை மட்டும் காப்பாற்றும். பில்லிங் கவுண்டரில் அப்படிப் பெட்டி இருந்தால் அதை எடுத்துவிட்டு நேர் கேபிள் இழுப்பதற்குப் பணம் கேளுங்கள். நான் முதலில் செலவு செய்யச் சொல்லும் இடம் அதுதான்.

இது வெறும் தொல்லையோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஐபி கொடுக்கிறவரே, வெளியே போகும் வாசலான கேட்வே எது, தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் எது என்றும் சொல்கிறார். அவர் கெட்டவராக இருந்தால் நோயாளிகளின் விவரம் எல்லாம் அவர் கணினி வழியாகப் போகும். 2024 மே மாதம் டனல்விஷன் என்ற பெயரில் ஒரு தாக்குதல் முறை வெளிவந்தது. போலி டிஹெச்சிபி சர்வர் ஆப்ஷன் 121 மூலம் வழித்தடங்களைத் திணித்து, தகவலை மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டிருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு போகவைக்கும். அந்த ஆப்ஷன் 2002-ல் இருந்தே இருக்கிறது. ஸ்விட்சில் போலி சர்வரைத் தடுத்தால் இதற்கும் வாசல் மூடிவிடும். நிர்வாகத்திடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

அடுத்த படி ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன். "10.20.10.1 நான்தான்" என்று பொய் சொல்லி நடுவில் புகுவதை இது தடுக்கும். ஸ்னூப்பிங் எழுதிய அதே பைண்டிங் பட்டியலை வைத்துத்தான் சரிபார்க்கும். ஆகவே பட்டியல் நிரம்பாமல் இதைப் போட்டால் பட்டியலில் இல்லாத எல்லோரும் வெட்டுப்படுவார்கள். லீஸ் 8 மணி நேரம் என்பதால் ஒரு முழு நாளில் எல்லோரும் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள், நான் ஒரு வாரம் விடச் சொல்வேன். அப்லிங்குக்கு இதற்கென்று தனியாக ட்ரஸ்ட் போட வேண்டும்; ஸ்னூப்பிங் ட்ரஸ்ட் இதற்குச் செல்லாது.

மருத்துவமனையில் இதில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. லேபில் உள்ள அனலைசர், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர் போன்றவற்றுக்குக் கம்பெனி இன்ஜினியர் வந்து கையால் ஐபி போட்டுவிட்டுப் போயிருப்பார். அவை டிஹெச்சிபி கேட்பதே இல்லை, பட்டியலில் ஒருநாளும் வராது. இன்ஸ்பெக்ஷன் போட்ட நிமிடமே ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர் திரைக்கு வருவது நிற்கும். அதனால் இப்படிப்பட்ட கருவிகளை முதலில் தனி வீலேனுக்கு மாற்றுங்கள். வேறு வீலேன் என்றால் அந்தக் கருவியின் ஐபி, கேட்வே எல்லாம் மாறும், அதை அந்தக் கம்பெனி இன்ஜினியர் வரும் நாளில் அவரை வைத்துச் செய்யுங்கள், நீங்களாகத் தொட வேண்டாம். அந்த வீலேனில் இன்ஸ்பெக்ஷன் போடாதீர்கள். பிறகு ஒவ்வொரு கருவியின் ஐபியையும் மேக்கையும் ஏஆர்பி ஆக்சஸ் லிஸ்டில் எழுதி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரிண்டர்களுக்குக் கையால் போடுவதை நிறுத்திவிட்டு, டிஹெச்சிபி சர்வரிலேயே மேக்கை வைத்து நிரந்தர ஐபி ஒதுக்குங்கள். அவையும் பட்டியலுக்கு வந்துவிடும்.

இன்ஸ்பெக்ஷன் போடும் முன் பைண்டிங் பட்டியலைச் சேமிக்க ஏற்பாடு செய்வது கட்டாயம். பட்டியல் ஸ்விட்சின் நினைவகத்தில்தான் இருக்கிறது. கரண்ட் போய் ஸ்விட்ச் திரும்ப எழும்போது அது காலி. நேரடியாகச் செருகிய கணினி, கேபிள் இணைப்பு போய் வந்ததை உணர்ந்து திரும்ப ஐபி கேட்கும், பட்டியலில் ஏறிவிடும். ஐபி போனுக்குப் பின்னாலோ குட்டி ஸ்விட்சுக்குப் பின்னாலோ யூபிஎஸ்-ஸில் விழித்திருக்கும் கணினிக்கு எதுவும் தெரியாது. அது பேசாமல் இருக்கும், இன்ஸ்பெக்ஷன் அதை வெட்டும். 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்' என்று, கரண்ட் போனாலும் அழியாத ஃப்ளாஷில் ஒரு கோப்பைக் காட்டுங்கள். எல்லா ஸ்விட்சிலும் என்டிபி வைத்து நேரமும் சரியாக இருக்கட்டும். லீஸ் எப்போது முடியும் என்பது கடிகாரத்தை வைத்துத்தானே எழுதப்படுகிறது.

ஐபி சோர்ஸ் கார்டு என்று இன்னொரு காவலும் உண்டு. உங்களுக்கு இந்த வருடம் வேண்டாம்.

பூல் அமைப்பில் இரண்டு மாற்றம் சொல்வேன். முதல் 30 முகவரிகளை 'எக்ஸ்க்ளூடட் அட்ரஸ்' என்று ஒதுக்கி வையுங்கள். கோர், சர்வர், பிரிண்டர் எல்லாம் அதற்குள் இருக்கட்டும். பார்வையாளர் வைஃபையைத் தனி வீலேனாகப் பிரித்து லீஸை 2 மணி நேரம் ஆக்குங்கள். ஆண்ட்ராய்ட் 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் உண்மையான மேக்குக்குப் பதில் பொய் மேக்கையே காட்டுகின்றன. ஒரே போன் இரண்டு வைஃபை பெயரில் வந்தால் இரண்டு ஆளாகத் தெரியும். ஓபி நாளில் வந்துபோகிற கூட்டத்துக்கு நீண்ட லீஸ் கொடுத்தால் 254 முகவரிகள் மதியத்துக்குள் தீரும். அலுவலகக் கணினிகளுக்கு 8 மணி நேரம் என்பதை 24 ஆக்கலாம். மாலையில் அணைத்த கணினி காலையில் பழைய லீஸோடேயே எழுந்திருக்கும், முதலில் இருந்து கூவ வேண்டி வராது. ஆனால் அப்போது மாற்றங்கள் தெரிய ஒரு நாள் ஆகும். ஸ்னூப்பிங் வேலை முடியும் வரை 8 மணி நேரமே இருக்கட்டும்.

கணினி செருகும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால் இணைப்பு வந்ததும் ஸ்பேனிங் ட்ரீ 30 விநாடி கதவை மூடி வைக்கும். அதற்குள் கணினி கேட்டுக் களைத்து 169.254-ஐ எடுத்துக்கொள்ளும். அதை ஸ்னூப்பிங் தலையில் போடுவார்கள்.

நிர்வாக அதிகாரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவருக்கு அன்று தெரிந்தது, வார்டுகளில் இருந்து போன் வந்தது மட்டும்தான். இந்த முறை முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்த ஸ்விட்ச், எந்தத் தேதி, பகல் எத்தனை மணிக்கு, எந்த அறைகள் பாதிக்கப்படலாம், கோளாறானால் எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வரும். அந்தக் கடைசி வரிக்குப் பதில் 1 நிமிடம். 'நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங்' என்று ஒரே வரி கொடுத்தால் காவல் நின்றுவிடும். போர்ட்டில் போட்ட ட்ரஸ்ட், வீலேன் வரி எல்லாம் அப்படியே இருக்கும், திரும்பப் போடுவது சுலபம். ரிலீஸ், ரினியூ, போலி ரவுட்டர் சோதனை மூன்றும் முடியும் வரை கான்ஃபிகரேஷனைச் சேமிக்காதீர்கள். முடிந்ததும் சேமிக்க மறந்துவிடாதீர்கள்.

முதல் ஸ்விட்ச் முடிந்ததும் அந்தப் பைண்டிங் பட்டியலில் எத்தனை வரி வந்தது, உங்கள் அறைப் பட்டியலோடு எத்தனை ஒத்துப்போனது என்று எழுதுங்கள். ஒத்துப்போகாத போர்ட்டுகளை எப்படித் தேடுவது என்று அடுத்த முறை பார்ப்போம்.